கம்பா, ரீலா? காசல்ரீ, மவுசாக்கலைக் கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையில் மீன் பிடிக்க ரீல் (நூலைச் சுற்றி வைக்கிற சுருள் பொருத்திய ராட்) வாங்கலாமா, மூங்கில் கம்போடு இருந்துவிடலாமா என்று தோட்டத்துப் பசங்க அடிக்கடி கேட்கிறார்கள். நான் பல வருடம் கம்பு பிடித்துவிட்டு ரீலுக்கு மாறியவன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இன்றைக்கு ரீலைத்தான் வைத்துக்கொள்வேன். அதற்குப் பெரிய காரணம் தண்ணீர் மட்டம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கம்பின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மூங்கில் சும்மா கிடைக்கும். தங்கூசி (நைலான் நூல்), தக்கை, தூண்டில் முள், குண்டூசித் தலை அளவு ஈயம், அவ்வளவுதான் செலவு. சின்னப் பிள்ளைக்கும் ஒரு பின்னேரத்தில் பழக்கிவிடலாம். ரீல் செட் என்றால் ஹட்டனிலோ கண்டியிலோ தேடிப் பிடித்து வாங்க வேண்டும், காசும் போகும். இதில் விவாதம் எதுவும் இல்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். இந்த நீர்த்தேக்கங்களைக் கட்டியது மின்சாரத்துக்காக. காசல்ரீ கெசல்கமு ஓயாவை மறிக்கிறது. 1969இல் கட்டி முடித்த மவுசாக்கலை மஸ்கெலி ஓயாவை மறிக்கிறது. மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவமழையில் சேருகிற தண்ணீரைத் தேக்கி வைத்து, மின்சாரத் தேவைக்குத் தக்கபடி திறந்துவிடுகிறார்கள். மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை கரை கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். மவுசாக்கலை நன்றாக வற்றினால் பழைய மஸ்கெலியா டவுனின் கோயில் வெளியே வருவதை இந்தப் பக்கத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். போன வாரம் நின்று தூண்டில் போட்ட இடம் இந்த வாரம் வெறும் செம்மண்ணாகக் கிடக்கும்.

அந்தச் செம்மண்தான் கம்புக்காரருக்கு எதிரி. மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே கால் புதையும். தண்ணீர் விளிம்பு வரை போக முடியாது, போகவும் கூடாது. பன்னிரண்டு அடிக் கம்பில் அதே நீளத்துக்குத் தங்கூசி கட்டினால் விளிம்பிலிருந்து இருபது அடி சொச்சம் எட்டும். சேற்றுக்குப் பயந்து பத்தடி பின்னால் நின்றால் அதில் பாதி மண்ணிலேயே போய்விடும். மிச்சப் பாதி விழுவது முழங்கால் ஆழக் கலங்கல் தண்ணீரில். அங்கே கடிப்பது விரல் நீளத் திலாப்பியாக் குஞ்சுகள்தான். பெரிய மீன், முக்கியமாகக் கார்ப், பழைய ஆற்றுப் பள்ளத்தை ஒட்டிப் போய்விடும். பதினைந்து கிராம் ஈயம் கட்டி ஏழடி ராடால் வீசினால் முப்பது மீட்டர் தாராளமாகப் போகும். உறுதியான மண்ணில் நின்றுகொண்டே பள்ளத்தின் விளிம்பில் இரையை இறக்கலாம். வருடத்தில் மூன்று நாலு மாதம், அதுவும் மழைத் தொல்லை இல்லாமல் கரையில் உட்காரக்கூடிய மாதங்கள், கம்புக்காரருக்கு வீணாகின்றன.

ரீல் வைத்திருப்பவர்களுக்கு வறட்சியில் இன்னொரு வேலையும் இருக்கிறது. மட்டம் இறங்கியதும் காய்ந்து இறுகிய பகுதிகளில் நடந்து பாருங்கள். மூழ்கிய பாதை எங்கே போகிறது, தேயிலைக் கட்டைகள் எந்தச் சரிவில் நிற்கின்றன, கானும் ஓடையும் எங்கே ஆற்றோடு சேர்கின்றன என்று பார்த்து, எதிர்க்கரையில் அசையாத ஒரு மரத்தையோ லயத்தின் கூரையையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் தண்ணீர் ஏறி எல்லாவற்றையும் மூடிய பிறகு அந்த அடையாளத்துக்கு நேராக வீசினால், கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் இரை விழும். கம்பு வைத்திருந்தால் இது தெரிந்தும் பிரயோசனம் இல்லை, அவ்வளவு தூரம் எட்டாது.

கம்பு ஜெயிக்கிற காலமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தேக்கம் நிரம்பித் தண்ணீர் புல்லுக்குள் ஏறும்போது திலாப்பியா கரைக்கே வந்துவிடும். அப்போது கோதுமை மாவைப் பிசைந்து எட்டாம் நம்பர் முள்ளில் பயறளவு உருட்டிக் குத்தி, தக்கையோடு புல் ஓரத்தில் இறக்குவதற்குக் கம்பை மிஞ்சியது இல்லை. ஈயம் வீசிச் சத்தம் போட்டு மீனை விரட்டுகிற ரீல்காரர் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்திலும் மழை விட்ட மறுநாள் ஓடை வாய்க்குப் போனால் கதை மாறிவிடும். கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சேருகிற கோட்டில் கார்ப் இரை தேடி நிற்கும். மாட்டுப்பட்டி எருக்குழியில் தோண்டிய மண்புழு இரண்டை ஆறாம் நம்பர் முள்ளில் கோத்து அந்தக் கோட்டுக்கு வீச ரீல்தான் வேண்டும்.

ரீலுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமான குறை, கட்டையில் மாட்டுவது. தேயிலைத் தோட்டங்களை மூழ்கடித்துக் கட்டிய தேக்கம், அடியில் வேரும் கட்டையும் நிறைய. கம்பில் தக்கை இரையைத் தூக்கிப் பிடிப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ரீலில் ஈயம் அடியில் கிடக்கும். அதற்கு ஒரு வழி, ஈயத்தைப் பிரதான நூலில் நேரடியாகக் கட்டாமல், அதைவிட மெல்லிய தங்கூசித் துண்டு ஒன்றில் கிளையாகத் தொங்கவிடுவது. மாட்டினால் அந்தத் துண்டு மட்டும் அறுந்து முள்ளும் மீனும் கைக்கு வரும். ஈயத்துக்குப் பதில் கராஜில் கழித்துப் போட்ட பழைய நட்டைக் கட்டினால் போனாலும் மனசு நோகாது.

பராமரிப்பு பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. இங்கே உப்புத் தண்ணீர் கிடையாது, அதுவே பாதி ஆயுள். மழையில் நனைந்தால் துணியால் துடைத்து, மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்று திருகி வைக்கிற இறுக்குக் குமிழைத் தளர்த்திவிட்டு, காற்றோட்டமான இடத்தில் காய வைக்க வேண்டும். பையில் போட்டு மூடினால் நம் குளிருக்கும் பனிக்கும் உள்ளே ஈரம் நிற்கும். கைப்பிடியிலும் நூல் உருளையிலும் இடைக்கிடை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தங்கூசி முனை கல்லில் உரசிச் சொரசொரப்பானால் அந்த இரண்டு மூன்று அடியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள், பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பின்னல் நூலை நான் அதிகம் பாவிக்கவில்லை, அதனால் அது எவ்வளவு காலம் வரும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். 0.30 மில்லிமீட்டர் தங்கூசி எனக்கு இங்கே எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்திருக்கிறது. மூங்கிலுக்கும் பராமரிப்பு உண்டு, அடுப்புப் புகையில் காயாத கம்பை வண்டு துளைத்துவிடும்.

ராட் வாங்கும்போது கார்பனா கிளாஸ் பைபரா என்று கேட்பார்கள். கரையில் பயன்படுத்துவதற்குக் கிளாஸ் பைபர் கனமாக இருந்தாலும் அடிபட்டுத் தாங்கும், விலையும் குறைவு. கார்பன் மின்சாரம் கடத்தும். நோட்டன் பிரிட்ஜ், லக்சபான பக்கம் மின்கம்பிகளுக்குக் கீழே எதையும் நிமிர்த்தவே வேண்டாம். ஏப்ரல் மாதப் பின்னேரம் இடி கேட்டால், கையில் இருப்பது ஈர மூங்கிலாக இருந்தாலும் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள். அணைக்கட்டு, வான்கதவுப் பக்கம் எந்தத் தூண்டிலோடும் போகக் கூடாது.

போத்தலில் சுற்றிய கைநூலும் இருக்கிறது. தலைக்கு மேல் சுழற்றி எறியத் தெரிந்தவர்கள் நல்ல தூரம் அனுப்புவார்கள், ஆனால் பெரிய கார்ப் ஓடினால் விரல் கிழியும். பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் கொண்டுவந்துவிட்ட ட்ரவுட் மீனுக்குப் பிளை தூண்டில்தான் (பூச்சி மாதிரிச் செய்த பொய் இரையை வீசுவது) முறை என்பார்கள். நான் அதைக் கையில் பிடித்ததோடு சரி, ஒப்பிடும் அளவுக்கு அனுபவம் இல்லை.

அப்புறம் சட்டி. தூண்டிலை மாற்றினால் சமையலும் மாறும், ஏனென்றால் மீன் மாறுகிறது. கம்புக்கு வருவது பெரும்பாலும் திலாப்பியா. 1950களில் இலங்கைக்கு வந்த இந்த ஆப்பிரிக்க மீனைச் சேற்று வாடை என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரையிலேயே குடலை எடுத்து, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டிக் கழுவி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் தடவி அரை மணி நேரம் வைத்தால் அந்த வாடை நன்றாகக் குறையும். புளிப்பு அந்த வாடைப் பொருளை உடைக்கிறது, சும்மா மறைப்பதில்லை. பிறகு மிளகாய்த்தூள், மஞ்சள் போட்டுப் பொரித்து ரொட்டியோடும் கட்டச் சம்பலோடும் சாப்பிடலாம்.

ரீலுக்கு வருகிற கார்ப் வேறு மாதிரி. சதை இனிப்பு, ஆனால் நடு முள்ளைத் தவிர சதைக்குள்ளேயே கவை கவையாக மெல்லிய முட்கள் ஓடும். வீட்டில் ஒருமுறை தொண்டையில் குத்தினால் அடுத்த தடவை மீனைக் கொண்டுவராதே என்பார்கள். அதனால் இரண்டு பக்கத்தையும் சதையாக வகிர்ந்து, தோல் அறுபடாமல் நெருக்க நெருக்கமாக, மூன்று நாலு மில்லிமீட்டருக்கு ஒரு கீறல் போட்டு, கொதிக்கிற எண்ணெயில் நன்றாகப் பொரியுங்கள். துண்டு துண்டான முள் மொறுமொறுவென்று கரைந்துவிடும். பொரிக்க எண்ணெய் அதிகம் வேண்டாம் என்றால் கொறக்காப்புளி, மிளகு, உப்பு போட்டு பிரஷர் குக்கரில் நேரம் எடுத்து வேக வையுங்கள், முள் மெத்தென்றாகிவிடும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் அதையும் ஒருமுறை கையால் பிசைந்து பார்த்துக் கொடுங்கள்.