கோ.புதூர் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்: பதிவோடு திரும்பிவிடாதீர்கள்

"எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சாச்சா?" என்று கேட்காத வீடு மதுரையில் குறைவு. பதிந்ததோடு மறந்துவிடும் வீடுதான் அதிகம். கோ.புதூரில் இருக்கும் இந்த அலுவலகத்தின் முழுப்பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். இன்று இதன் அருமை இருப்பது அந்தப் பெயரின் பின்பாதியில்தான்.

பதிவுக்காக நேரில் அலைய வேண்டாம், துறையின் இணையதளத்திலேயே முடிந்துவிடும். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் சீனியாரிட்டி போய்விடும். ஆகவே அந்த மாதத்தை போனில் குறித்து வையுங்கள். டிகிரி முடித்தவுடன் அதையும் பதிவில் ஏற்ற வேண்டும். பலருடைய பதிவு பிளஸ் டூவோடு நின்றுபோயிருக்கும், அவர்களுக்கே அது தெரியாது. பதிந்து 5 ஆண்டாகியும் வேலை அமையாத, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகாத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. சிறிய தொகைதான். தேர்வுக் கட்டணத்துக்காவது ஆகும்.

இங்கே மனதாரப் பாராட்ட வேண்டியது தன்னார்வ பயிலும் வட்டம். டி.என்.பி.எஸ்.சி., காவலர் தேர்வு போன்றவற்றுக்குக் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்துகிறார்கள், மாதிரித் தேர்வும் வைக்கிறார்கள். போட்டோவும் ஆதார் நகலும் கொண்டுபோனால் சேர்ந்துகொள்ளலாம். வகுப்பைவிட மாதிரித் தேர்வைத் தவறவிடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்வி, அதாவது கேள்விக்கு 54 விநாடி. அதற்குள் படித்து, யோசித்து, விடைத்தாளில் வட்டத்தையும் கருமையாக்க வேண்டும். வீட்டில் புத்தகம் புரட்டுவதால் மட்டும் அந்த வேகம் வராது. இன்னொன்று, தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். நடப்பு நிகழ்வுகளை விழுந்து விழுந்து படித்துவிட்டுத் தமிழில் சறுக்குகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களை முதலில் முடியுங்கள்.

தனியார் வேலைவாய்ப்பு முகாம் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். எந்த வெள்ளி என்பது நாளிதழில் வரும். அனுமதி இலவசம். யாராவது பணம் கேட்டால் அவர் இந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர் இல்லை. பயோடேட்டா ஐந்தாறு பிரதி எடுத்துப் போங்கள். வருகிற கம்பெனிகளில் விற்பனை, நிதி நிறுவனம், உற்பத்தி வேலைகள்தான் அதிகம். இலந்தைக்குளம் எல்காட் வளாகத்து ஐ.டி. வேலையை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். "ஃபீல்டு ஆபீசர்" என்று போட்டிருந்தால் அது கடன் வசூலா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வண்டியும் பெட்ரோலும் யார் செலவு என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைப் பேப்பரில் எழுதிப் பாருங்கள். மொத்தம் 15,000, அதில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கிடும் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வையுங்கள். பி.எஃப். 12 சதவீதம், 1,200 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மொத்தத்தில் 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,687. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் இருந்தால் இதிலிருந்துதான் போகும். பிடித்தமே இல்லை, முழுச் சம்பளமும் கையில் என்று ஒரு கம்பெனி சொன்னால் மகிழாதீர்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுமே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். "இரண்டு வருஷம் முடித்தவர் இப்போது என்ன வேலை பார்க்கிறார்?" என்றும் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வளர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. ஒரிஜினல் சான்றிதழை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

குறை என்றால், நேரடி ஆலோசனை. எதிரே உட்காருபவரைப் பொறுத்து அதன் தரம் மாறும். "சார், எனக்கு ஏதாவது வேலை சொல்லுங்க" என்று போய் நின்றால் பொதுவாக நாலு வார்த்தைதான் கிடைக்கும். ஒரு தாளில் நாலு விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: கைவந்த வேலை எது, எந்த வேலையில் நேரம் போவதே தெரியாது, வெளியூர் போக முடியுமா, வீட்டுக்கு எத்தனை மாதத்துக்குள் சம்பளம் தேவை. கடைசிக் கேள்விக்கு "உடனே" என்பது பதிலானால், முகாமில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு மாலையில் தேர்வுக்குப் படிக்கும் வழியைக் கேளுங்கள். ஒரு வருஷம் தாங்கும் என்றால் முழுநேரத் தயாரிப்பைப் பேசலாம். இயந்திர வேலையில் கை ஓடுகிற பிள்ளையென்றால் புதூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, வந்த கையோடு அங்கேயும் விசாரித்துவிடலாம்.

ரிசல்ட் வரும் மே, ஜூனில் கூட்டம் அதிகம். ஆலோசனைக்கென்றால் அந்த வாரங்களையும் முகாம் நடக்கும் வெள்ளியையும் விட்டுவிட்டு, வேறொரு நாள் காலையில் போங்கள்.