தராசுக்குத் தனிப் பயனர்: 4 வருஷ அனுபவம்

பிசான நெல் அறுவடைக்கு முன்னால் தன் அரிசி ஆலையிலும் எங்களைப் போலத் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைக்கலாமா என்று தென்காசி நண்பன் கேட்டான். "ஏல, ஒத்த ஆளு பாக்குற கம்ப்யூட்டர்ல பெர்மிஷன் எதுக்கு? ரூட்டாவே ஓட்டிட்டுப் போயேன்" என்றும் சொன்னான். ரூட் என்றால் எந்தத் தடையும் இல்லாத தலைமைப் பயனர்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் அரிசி ஆலைக் கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ் போட்டு 4 வருஷம் ஆகிறது. எலக்ட்ரானிக் தராசு யுஎஸ்பி வழியாக எடையை அனுப்பும். ஒரு பைத்தான் புரோகிராம் அதை வாங்கி மூட்டைக் கணக்கில் ஏற்றும். முதல் நாளே 'பெர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி இல்லை என்றது. தராசு செருகியிருக்கும் சீரியல் போர்ட், ரூட்டுக்கும் டயல்அவுட் என்ற பயனர் குழுவுக்கும் மட்டுமே திறக்கும். சரி, அந்தக் குழுவில் என்னைச் சேர்த்தால் போதும். பயனர் விவரத்தை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் சிறிய 'ஏ'யும் பெரிய 'ஜி'யும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் 'ஜி' மட்டும் அடித்தேன். டயல்அவுட்டில் சேர்த்தது, மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் கழற்றிவிட்டது. ரூட்டாகக் கட்டளை கொடுக்க விடும் சூடோ உரிமையும் அதோடு போயிற்று. 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் நெல் லாரி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் க்ரப் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ஒரே ஒரு எழுத்து! இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம்தான் புரோகிராமுக்கென்றே 'தராசு' என்று தனிப் பயனரை உருவாக்கினேன். போன கார் நெல் அறுவடையில் அதன் அருமை தெரிந்தது. அந்தப் பயனர் பெயரில் ஓடும், பழைய பதிவுகளை அழிக்கும் ஸ்கிரிப்டில் ஃபோல்டர் பெயர் காலியாகிவிட, ஃபைல்களை அழிக்கும் ஆர்எம் கட்டளை சாய்கோடும் நட்சத்திரமுமாக ஓடியது. வெறும் சாய்கோடு என்றால் மொத்த டிஸ்க் என்று அர்த்தம், ஆர்எம் தானே மறுத்துவிடும். நட்சத்திரம் சேர்ந்தால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அதை 'பின்', 'ஈடிசி', 'ஹோம்' என்று தனித்தனி ஃபோல்டர்களாக விரித்துக் கொடுத்துவிடும். அந்தக் காவல் அங்கே எடுபடாது. திரை முழுக்க 'பெர்மிஷன் டினைட்' ஓடியது. முதல் நாள் என்னை எரிச்சலூட்டிய அதே வரி! போனது 'தராசு' பயனரின் ஃபோல்டரில் இருந்த அன்றைய எடைகள் மட்டும். சீட்டைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். என் பெயரில் ஓடியிருந்தால் டெபியன் பிழைத்திருக்கும், என் ஹோம் ஃபோல்டரில் இருந்த 4 வருஷ நெல் கணக்கு போயிருக்கும். டெபியனை மறுபடி போட்டுக்கொள்ளலாம், கணக்கை எங்கே போய்த் தேடுவது?

இவ்வளவும் நண்பனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, இப்போதைக்கு நோட்டிலேயே எழுது, பிசானம் முடியும்வரை அதில் கை வைக்காதே என்றேன். லாரி ஹாரன் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.