ஜெல்கோட்டா, பாலியூரித்தேனா? பழைய கிளைடருக்கு வெள்ளையடித்த அனுபவம்

எங்கள் கிளைடருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1972-ல் தெற்கு ஜெர்மனியில் ஷெம்ப்-ஹிர்த் நிறுவனம் செய்த ஸ்டாண்டர்ட் சிர்ரஸ். எஞ்சின் இல்லாத விமானம், ஒற்றை இருக்கை, 15 மீட்டர் இறக்கை, உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். நான், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், மூன்று பேர் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். வாங்கும்போது பளபளவென்றுதான் இருந்தது. அடுத்த வசந்தத்தில் கழுவிவிட்டுச் சாய்வெயிலில் பார்த்தபோதுதான் தெரிந்தது, இறக்கையின் மேல்பக்கம் முழுக்க முடியிழை போல விரிசல், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு நோக்கி, வரிவரியாக. விற்றவர் நன்றாக மெழுகு பூசித் தேய்த்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் மற்றது புரியும். இந்தக் கிளைடர்களை அச்சில் வைத்துச் செய்கிறார்கள். அச்சின் உட்புறத்தில் முதலில் ஜெல்கோட், அதாவது வெள்ளை நிறமி கலந்த பாலியஸ்டர் பிசின். அது கொஞ்சம் இறுகியதும் அதன்மேல் கண்ணாடியிழைத் துணியும் எபாக்சி என்ற வேறொரு பிசினும். அச்சிலிருந்து வெளியே எடுத்தால் வெளித்தோல் ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும். நம்மூர் ஃபைபர் படகிலும் இதே முறைதான், ஆனால் படகில் ஜெல்கோட்டும் பாலியஸ்டர், உள்ளே இருப்பதும் பாலியஸ்டர். இங்கே மேலே ஒன்று, கீழே வேறொன்று. இறக்கை வளைந்து வளைந்து எழும்போது எபாக்சி கூடவே வளைகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரில் வருஷக்கணக்கில் காய்ந்து விறைத்துப்போன பாலியஸ்டர் வளைய மறுக்கிறது. மலையைத் தாண்டும் காற்று எழுப்பும் அலைகளில் ஐந்தாயிரம் மீட்டர் ஏறி உறைபனிக் குளிரில் சுற்றிவிட்டு மளமளவென்று இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? அப்படியே விட்டு வருஷா வருஷம் பாலிஷ் போட்டு மெழுகு பூசி ஓட்டுவது ஒரு வழி. விரிசல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, இன்னும் ஐந்தாறு வருஷம்தான் வைத்திருப்பீர்கள் என்றால் அதுவே போதும், இதற்குமேல் படிக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. ஏர்பிரேக் (இறங்கும்போது இறக்கையிலிருந்து எழும் தடுப்புத் தகடு) பெட்டியின் மூலைகளில் சில விரிசல்கள் இழை வரைக்கும் போயிருக்கலாம் என்று விமானப் பரிசோதகர் சந்தேகப்பட்டார். ஆக, பழைய ஜெல்கோட்டை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். எதைப் பூசுவது? மறுபடி ஜெல்கோட்டா, இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டா? நாங்கள் அடித்தது பாலியூரித்தேன். பெரியவர் இன்றுவரை ஜெல்கோட் கட்சி. நான் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நிறத்தில் பேச்சே இல்லை, இரண்டும் வெள்ளைதான். இந்த எபாக்சிக் கட்டமைப்பை 54 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் நம்பலாம் என்று கணக்கு. கோடை வெயிலில் கறுப்போ சிவப்போ அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பளபளப்பிலும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. முதல் வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பழையதைக் கழற்றும் வேலையும் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் அதை ஒரு வரியில் தாண்ட மனசு வரவில்லை. எங்கள் நோட்டில் எழுதி வைத்தபடி அதற்கு மட்டும் 260 மணி நேரம். 80-ஆம் நம்பர் உப்புத்தாளை நீளக் கட்டையில் ஒட்டிக்கொண்டு, மெஷினைக் கிட்டத்தட்டத் தொடாமல், கையாலேயே. இந்த இறக்கையின் தோல் சாண்ட்விச், நடுவில் ஃபோம், அதற்கு வெளியே உள்ள கண்ணாடியிழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வெள்ளை மெலிந்து உள்ளே இருக்கும் பச்சை கலந்த பழுப்பு தெரியத் தொடங்கியதும் கையை நிறுத்தத் தெரியவேண்டும். பையன் ஒரு நாள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தேய்த்ததில் உள்ளங்கை அளவுக்கு இழையைத் தின்றுவிட்டான். பரிசோதகர் மேற்பார்வையில் அங்கே துணி வைத்து எபாக்சி போட்டு ஒட்டினோம். 'பாதி மட்டும் தேய்த்துவிட்டு விரிசல் மேலேயே பெயிண்ட் அடித்தால் என்ன?' என்று எல்லோருக்கும் தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. எங்கள் கிளப்பிலேயே ஒருவர் அப்படிச் செய்தார். இரண்டாவது கோடையில் அதே விரிசல் அதே இடத்தில் புதுப் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. கீழே விரிசல் இருந்தால் மேலே எதைப் பூசினாலும் வரும்.

இங்கிருந்துதான் இரண்டும் பிரிகின்றன.

ஜெல்கோட்டை ஜெர்மன்காரர்கள் ஷ்வாபெல்லாக் என்பார்கள், சுழலும் துணிச்சக்கரத்தில் பாலிஷ் ஏற்றும் பூச்சு என்று பொருள் கொள்ளலாம். அதன் பெரிய சௌகரியம் கனம். அரை மில்லிமீட்டருக்கு மேல் தாராளமாக அடித்துவிட்டு அதிலேயே தேய்த்து வடிவம் எடுக்கலாம். பழைய இறக்கைகளில் உள்ளே ஓடும் முதுகெலும்புச் சட்டத்தின் மேல் ஒரு மேடோ பள்ளமோ இருக்கும், எபாக்சி பல வருஷங்களில் சுருங்கியதன் விளைவு. லாமினார் வகை, அதாவது காற்று கலையாமல் வழுக்கிப் போகும்படி வடிவமைத்த இறக்கைக்கு அது ஆகாது, காற்று அங்கேயே கலைந்துவிடும். ஜெல்கோட் அடித்தால் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தை விட்டு, 320-ல் தொடங்கி 1000, 1200 வரைக்கும் தண்ணீர் போட்டுத் தேய்த்துக்கொண்டே போகலாம். கடைசியில் சக்கரம். ஒரே பொருள், ஒரே வேலை. பாலியூரித்தேன் அப்படியில்லை. அது மெல்லியது, சட்டையைப் போல, அடியில் உள்ள உடம்பு எப்படியோ மேலேயும் அப்படியே தெரியும். அதனால் முன்கூட்டியே பட்டி பார்த்து, ஸ்ப்ரே பட்டி அடித்து, தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, வடிவம் கச்சிதமானபிறகுதான் பெயிண்டுக்கே போகமுடியும்.

எடைக் கணக்கை நான் துண்டுச்சீட்டில் போட்டுப் பார்த்தேன். இறக்கைப் பரப்பு 10 சதுர மீட்டர், மேலும் கீழுமாக 20, உடல், வால் எல்லாம் சேர்த்து 30 என்று வைத்துக்கொண்டால், அரை மில்லிமீட்டர் ஜெல்கோட் 15 லிட்டர், ஏறத்தாழ 20 கிலோ. பிரைமரும் பாலியூரித்தேனும் சேர்த்து 0.2 மில்லிமீட்டர் என்றால் 8, 9 கிலோவோடு நிற்கும். கிளைடரின் மொத்த எடையில் பத்துக் கிலோ ஒன்றும் பெரிதில்லை, என் வயிற்றில் அதைவிட அதிகம் சுமந்துகொண்டுதான் ஏறுகிறேன். ஆனால் ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்), ரடர் (வாலில் உள்ள சுக்கான்), வால் போன்ற அசையும் பாகங்களில் கதை வேறு. கீலுக்குப் பின்னால் கொஞ்சம் எடை கூடினாலும் வேகத்தில் பாகம் தானாகவே படபடவென்று அடித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு பாகத்துக்கும் எடையும் கீல் மீதான சமநிலையும் இவ்வளவுக்குள் இருக்கவேண்டும் என்று கையேட்டில் வரம்பு உண்டு. பூசுவதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டு எழுதி, முடிந்ததும் முழு விமானத்தையும் தராசில் ஏற்றியாக வேண்டும். எது அடித்தாலும் இது கட்டாயம், மெல்லிசாக அடித்தால் நெஞ்சு படபடப்பு குறைவு.

என்னைப் பாலியூரித்தேன் பக்கம் சாய்த்தது எடையும் இல்லை, விலையும் இல்லை. (விலை: ஆளை வைத்துச் செய்ய இரண்டு இடங்களில் கேட்டோம், இரண்டு பேரும் விமானம் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். அதனால்தான் நாங்களே தேய்த்தோம்.) சாய்த்தது ஒரே கேள்விதான். திரும்ப விரிசல் விடுமா, விட்டால் அதைத் தேய்த்து எடுக்கப்போவது யார்?

ஜெல்கோட் அடித்துவிட்டால் அதற்குப் பணிவிடை செய்துகொண்டே இருக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது நல்ல கெட்டி மெழுகு, அதுவும் சக்கரத்தில் சூடு ஏற்றாமல். ஈரமான டிரெய்லருக்குள் பூட்டி வைக்கக்கூடாது. வெயிலில் நிறுத்தினால் உறை போடவேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்பவர்களின் கிளைடர்கள் நாற்பது வருஷமானாலும் கண்ணாடி மாதிரி இருப்பதைப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று பேர் பங்கில் இருக்கும் வண்டியில், போன வருஷம் யார் மெழுகு பூசினார்கள் என்று கேட்டால் மூன்று பேரும் அடுத்தவரைப் பார்ப்போம். வடிவம் எடுக்கிறேன் என்று பள்ளங்களில் கனமாகப் பூசிய இடத்தில்தான் முதலில் வெடிக்கும். கனம் கூடக்கூட அது வளைவது குறைகிறது. ஜெல்கோட்டின் சௌகரியம் என்று மேலே சொன்னேனே, அதுதான் அதன் வியாதியும். பாலியூரித்தேன் புற ஊதாவை நன்றாகத் தாங்கும், மெல்லிசாக இருப்பதால் இறக்கையோடு சேர்ந்து வளையும், மெழுகு மறந்துபோனாலும் மன்னிக்கும். என்றாவது எடுக்கவேண்டி வந்தாலும் 0.2 மில்லிமீட்டரைத் தேய்ப்பதும் அரை மில்லிமீட்டரைத் தேய்ப்பதும் ஒன்றா? அந்த 260 மணி நேரத்தை என் தோள்பட்டை இன்னும் மறக்கவில்லை.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. அடியில் நாங்கள் அடித்த ஸ்ப்ரே பட்டியும் பாலியஸ்டர்தான். பெரும்பாலும் தேய்த்து எடுத்துவிட்டோம், ஆனால் சட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளங்களில் கொஞ்சம் கனமாகவே நிற்கிறது. அங்கே விரிசல் வந்தால் பெயிண்டைக் குறைசொல்ல முடியாது. எங்கள் பெயிண்டுக்கு வயது ஆறு. இதுவரை ஒரு கோடுகூட இல்லை. ஜெல்கோட்டே ஆறு வருஷத்தில் வெடித்துவிடாது என்பதால் இதை நான் ஆதாரமாக நீட்டவில்லை.

அடிக்கும் வேலையில் ஜெல்கோட் எளிது என்று சொல்லிவிடலாம், அதிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் நாற்றம் தலையைப் பிளக்கும், இறுகுவதற்குக் கலக்கும் ஹார்டனர் கண்ணில் பட்டால் கண்ணே போகும் என்ற இரண்டையும் மறக்காத வரைக்கும். பாலியூரித்தேனின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். மூச்சில் போனால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும், வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் யாரும் தொடக்கூடாது. 2023 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறையில் இதைக் கையாள்பவர்களுக்குப் பயிற்சியே கட்டாயமாகிவிட்டது. நாங்கள் தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்தோம், அரை இறக்கை ஏழரை மீட்டர் என்பதால் கார் பட்டறையில் நுழையாது. அங்கே ஒரு விஷயத்தைப் பத்துத் தடவை சொல்லி, எழுதியும் ஒட்டினேன்: அடித்தபிறகு அறையைச் சூடேற்றாதீர்கள். அவர்கள் வழக்கமாக 60 டிகிரியில் காயவைப்பார்கள். நம் இறக்கைக்கு 54 தான் எல்லை.

முதல் நாள் பிரைமரே கைகொடுக்கவில்லை. வலது ஏலரானில் அடித்த உடனே மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகி நின்றது. முன்பு வைத்திருந்தவர் பூசிய பாலிஷில் சிலிக்கோன் இருந்திருக்கும், நாங்கள் எண்ணெய்ப்பசை போக நன்றாகத் துடைக்காமல் தேய்க்க ஆரம்பித்ததில் அதை நாங்களே எல்லா இடத்திலும் பரப்பிவிட்டிருக்கிறோம் என்பது பெயிண்டரின் தீர்ப்பு. முதலில் துடை, அப்புறம் தேய். நாங்கள் தலைகீழாகச் செய்ததற்கு இரண்டு சனிக்கிழமை தண்டம்.

ஒரு விஷயத்தில் ஜெல்கோட் ஜெயிக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அடிபட்ட இடத்தைச் சரிசெய்வது. கிளைடர் என்பது வாரா வாரம் இறக்கையைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றி இறக்கும் பொருள், எங்காவது இடிக்காமல் இருக்காது. ஜெல்கோட் என்றால் குச்சியால் ஒரு சொட்டு வைத்து, இறுகியதும் தேய்த்து, சக்கரம் போட்டால் தெரியவே தெரியாது. பாலியூரித்தேனில் ஒட்டுப் போட்ட ஓரம் தெரியும், தேய்த்துக் கலக்கலாம் என்றால் பெயிண்டே மெல்லிசு, அடிப் பிரைமர் எட்டிப் பார்க்கும். மாணவர்கள் பழகும் கிளப் விமானம், தினமும் நாலு கை படும் இரட்டை இருக்கை வண்டி என்றால் நானே ஜெல்கோட்தான் அடிக்கச் சொல்வேன். தனியாள் வைத்திருந்து, மெழுகு பூசுவதை ஒரு தியானம் மாதிரி செய்பவருக்கும் அதுவே சரி.

எங்கள் இடது இறக்கை முனையில் தபால்தலை அளவுக்கு ஒரு மங்கல் இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு டிரெய்லர் கதவில் இடித்ததை நான் சரிசெய்த லட்சணம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியவர் இறக்கையைப் பிடிக்க வரும்போது அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்ப்பார். நான் மெழுகு டப்பா எங்கே என்று அவரிடம் கேட்பேன்.