பழைய பிக்கப்: பின்னால் டிரெய்லரா, மேலேயே கூடாரமா?

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை நெடுஞ்சாலை ஏறக்குறைய சமதளம். அதுவரை பழைய பிக்கப்கூட சின்ன தங்கும் டிரெய்லரைச் சிரமமில்லாமல் இழுக்கும். போன இடத்தில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு ஊர் சுற்றலாம், பிள்ளைகள் படுக்கவும் இடம் தாராளம். கூடாரமென்றால் கடைக்குப் போகவும் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டணும்.

ஏலகிரியில் கதை வேறு. 14 கொண்டை ஊசி வளைவுகள். மே மாத வெயிலில் பழைய ரேடியேட்டர் ஏற்றத்திலேயே கொதிக்கலாம். எனக்குப் பயம் இறக்கத்தில்தான். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் அதன் பாரமும் பிக்கப்பின் பிரேக் மேல்தான் விழும். மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், என்ஜின் பிடிக்கட்டும். சாமான் அடுக்குவதும் முக்கியம்: டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அழுத்தணும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் பாம்பு போல நெளியும். அப்போது வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.

கூடாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, பிக்கப்பின் பின் சக்கர ஸ்பிரிங் பட்டைகள் தளராமல் இருந்தால் சரி. ஏலகிரி, ஜவ்வாது மலைக்கு என்னைக் கேட்டால் கூடாரம்தான். ஆற்காடு பக்கம் தோப்பில் நாலு நாள் தங்குகிறவர்கள் டிரெய்லர் வாங்குங்கள், தனி பிரேக் உள்ளதாக.