9 மி.மீ. தண்டவாளத்தோடு சில வருடங்கள்: வீட்டு ரயில் லேஅவுட் அனுபவம்

மாடல் ரயில் லேஅவுட் (பலகைமேல் தண்டவாளமும் ஊரும் அமைத்த குட்டி ரயில் உலகம்) பற்றி வரும் பதிவுகளில் பெரும்பாலானவை கட்டி முடித்த சூட்டோடு எழுதப்பட்டவை. அப்போது பசை காய்ந்து புல் பச்சையாக இருக்கும், ரயிலும் தடங்கலில்லாமல் ஓடும். அதே லேஅவுட் தூசியும் வெயிலும் ஈரக்காற்றும் பட்டுச் சில வருடம் கழிந்தபின் என்ன ஆகிறது என்று தேடினால் அதிகம் கிடைப்பதில்லை. என்னுடையது 120 × 60 செ.மீ. பலகையில் கட்டிய ஒரு கிளைப்பாதை நிலையம். ஒரு வளையம், உட்புறம் இரண்டு சைடிங் (ரயில் ஒதுங்கி நிற்கும் கிளைத்தடம்), பின்னால் ஒரு குன்று, அதைக் குடைந்து போகும் சுரங்கம். கட்டிய காலத்தைவிட ஓட்டிய காலம் பல மடங்காகிவிட்டது. இதில் எது நின்றது, எது தேய்ந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவ்வளவு சின்ன ஸ்கேலில் (அளவு விகிதத்தில்) அலங்காரம் குறைந்தால் கண் கண்டுகொள்ளாது. தண்டவாளத்தில் மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனால் எஞ்சின் நின்றுவிடும். நேரத்தையும் கவனத்தையும் அதற்கேற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேல் தேர்வுக்கு இடம்தான் காரணம். 1962-இல் ஜெர்மனியின் அர்னால்ட் நிறுவனம் 9 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடும் ரயில்களைக் கொண்டுவந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ‘என்’ ஸ்கேல். ஸ்டாண்டர்ட் கேஜ் எனப்படும் நிஜ ரயில்பாதையின் 1,435 மி.மீ. அகலத்தை 160-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 மி.மீ. வரும். ஆனால் பெட்டியில் ‘என்’ என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே அளவு அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1:160 (நிஜத்தில் 160-இல் ஒரு பங்கு), பிரிட்டனில் 1:148, ஜப்பானில் ஷின்கான்சென் தவிர்த்த ரயில்களுக்கு 1:150. பிரிட்டிஷ் வீட்டை 1:160 ரயில் பக்கத்தில் வைத்தால் வீடு 8 சதவீதம் பெரிதாக இருக்கும். இதை நான் குறையாக நினைப்பதில்லை. பெரிய வீடுகளை முன்வரிசையிலும், 1:220 அளவுள்ள ‘இசட்’ ஸ்கேல் வீடு ஒன்றைக் குன்றின் உச்சியிலும் வைத்திருக்கிறேன். 60 செ.மீ. ஆழமுள்ள பலகை அதனாலேயே இன்னும் ஆழமாகத் தெரிகிறது.

அந்த 60 செ.மீ. பற்றி ஒரு கணக்கு. கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் (ஜல்லிப்படுகையோடு வரும் தண்டவாளத் துண்டுகள்) வரிசையில் பரவலாகப் பயன்படும் வளைவு 282 மி.மீ. ஆரம். அரைவட்டம் போட்டால் 564, ஜல்லிப்படுகையின் அகலம் 25, ஆக 589 மி.மீ. பலகையின் விளிம்புக்கு இருபுறமும் ஐந்தரை மி.மீ.தான் மிஞ்சும். தடம் புரளும் எஞ்சின் நேராகத் தரையில்தான் விழும். 249 மி.மீ. ஆரம் போட்டால் இருபுறமும் 38 மி.மீ. கிடைக்கிறது. வேலி, மரம், ஒரு மண்பாதை எல்லாம் அதில் அடங்கும். நீளமான பயணிகள் பெட்டிகள் 249-இல் கொஞ்சம் அசிங்கமாகத்தான் திரும்பும். கிளைப்பாதை என்பதால் குட்டைப் பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டேன்.

பலகை பற்றிச் சுருக்கமாக. பிளைவுட் சட்டம், மேலே 50 மி.மீ. எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் ஃபோம் (தெர்மாகோல் வகையில் கெட்டியானது). ஒரு ஆளே தூக்கலாம். குன்றையும் ஓடையையும் கத்தியாலேயே செதுக்கலாம். சால்வென்ட் கலந்த பசை பட்டால் ஃபோம் உருகிவிடும் என்பதால் நீரில் கரையும் பசைதான் ஒத்துவரும். மரச்சட்டத்துக்கு ஆறு பக்கமும் பெயின்ட் அடித்தது பெரிய பலன் தந்திருக்கிறது. பருவம் மாறும்போது மரம் ஈரம் குடித்து உப்பினால் தண்டவாளம் நெளியும். உலோகமும் சூட்டில் நீளும், ஆனால் ஒரு மீட்டருக்கு 20 டிகிரி ஏறினாலும் கால் மி.மீ. சொச்சம்தான். அதற்கு இணைப்புகளில் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டாலே போதும்.

இனி மின்சாரம். இங்கேதான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகச் செருகிகளை மின் இணைப்பாக நம்பக்கூடாது. புதிதாக இருக்கும்போது அருமையாகக் கடத்தும். காலப்போக்கில் உள்ளே படலம் படியும், ஜல்லிக்கு ஊற்றிய பசைநீரும் இடுக்கில் புகும். பிறகு ரயில் வளையத்தின் ஒரு மூலையில் மட்டும் மெதுவாகப் போகும். மல்டிமீட்டரை வைத்தால் அங்கே வோல்டேஜ் சரிந்திருப்பது தெரியும். என் பலகைக்குக் கீழே 1.5 சதுர மி.மீ. செம்புக்கம்பிகள் இரண்டு வளையத்தைச் சுற்றி ஓடுகின்றன. மேலே இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சால்டர் செய்து போயிருக்கிறது. செருகிகளின் வேலை துண்டுகளை நேராகப் பிடித்துக்கொள்வது மட்டும். இத்தனை வருடத்தில் வளையத்தில் மின்தடை என்று ஒரு நாளும் பலகையைக் கவிழ்க்கவில்லை.

பாயிண்ட்டுகள் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடங்கள்) வேறு ரகம். இரண்டு தண்டவாளம் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பிளாஸ்டிக் முனை வைத்த பாயிண்ட்டில் அந்தத் துளி நீளத்துக்கு மின்சாரமே இருக்காது. எட்டுச் சக்கர எஞ்சின் தாண்டிவிடும். நாலு சக்கரக் குட்டி ஷன்டர் (பெட்டிகளை நகர்த்திக் கோக்கும் எஞ்சின்) அங்கேயே நிற்கும். விரலால் தள்ளினால்தான் நகரும். அந்த எஞ்சின் உங்களுக்குப் பிடிக்குமென்றால் உலோக முனையுள்ள பாயிண்ட் வாங்குங்கள், பாயிண்ட் திரும்பும்போது முனையின் துருவமும் மாறும்படி ஒரு சுவிட்ச் கோத்துவிடுங்கள். பாயிண்ட்டைத் திருப்ப முதலில் சோலினாய்டு (மின்காந்தத்தால் இழுக்கும்) மோட்டார்கள்தான் இருந்தன. ‘டக்’ என்று அடித்துத் திருப்பும் வேகத்தில் ஒரு பாயிண்ட்டின் நாக்கு (நகரும் தண்டவாள நுனி) நாளடைவில் தளர்ந்துபோனது. இப்போது சின்ன செர்வோ மோட்டார்கள். இரண்டு மூன்று விநாடி எடுத்து நாக்கு மெல்ல நகர்வதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

துப்புரவு. தண்டவாளத்தின் தலையில் படியும் கறுப்பு மசி தூசி, எண்ணெய், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தெறிக்கும் நுண்பொறிகள் எல்லாம் சேர்ந்து உண்டாவது. உப்புத்தாளால் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் அதன் கீறல்களிலேயே மசி மறுபடி வேகமாகக் குடியேறும். நான் உப்புத்தாளைத் தொடுவதே இல்லை. பஞ்சுத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, கடைசியாக ஒருமுறை ஒயிட் ஸ்பிரிட் துணியால் துடைக்கிறேன். ஆல்கஹாலோடு மட்டும் நிறுத்திய காலத்தில் மசி சீக்கிரம் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சக்கரங்களைத் துடைக்க ஒரு எளிய வழி உண்டு. ஆல்கஹாலில் நனைத்த துணித்துண்டைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே போடுங்கள். எஞ்சினின் முன்சக்கரங்கள் துணிமேலும் பின்சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். பின்சக்கரம் மின்சாரம் எடுக்கும், முன்சக்கரம் துணியில் சுழன்று தன் அழுக்கைத் தானே விட்டுவிடும். துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். எஞ்சினைத் திருப்பி வைத்து மறுபாதி. சில சக்கரங்களில் பிடிப்புக்காக ரப்பர் வளையம் இருக்கும், அவற்றைத் துணிமேல் அதிகம் சுழலவிடாதீர்கள், ரப்பர் தளர்ந்துவிடும். பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்கள்தான் மசியை ஊரெல்லாம் பரப்புபவை. படிப்படியாக எல்லாவற்றையும் உலோகச் சக்கரமாக மாற்றியபின் துடைக்கும் இடைவெளி நன்றாக நீண்டுவிட்டது. எண்ணெய் விஷயத்திலும் கை அடக்கம் தேவை. ஊசிமுனையில் தொங்கும் ஒரு துளியில் பாதி போதும்.

அலங்காரத்துக்கு வருவோம். தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் சொல்வார்கள். கோட் 80 என்றால் 2 மி.மீ. 160-ஆல் பெருக்கினால் 32 செ.மீ. உயரத் தண்டவாளம் ஆகிறது. நிஜத்தில் கனமான யுஐசி 60 தண்டவாளமே 17.2 செ.மீ.தான். கோட் 55-இல் இது 22 செ.மீ. அளவுக்கு இறங்குகிறது. ஆனாலும் நான் கோட் 80-ஐ மாற்றவில்லை. தண்டவாளத்தின் பக்கங்களுக்கு மங்கலான துருப்பழுப்பு அடித்து, ஈரம் காயும் முன்னே தலையை மட்டும் துடைத்துவிட்டால் அதன் உயரம் நிழலுக்குள் ஒளிந்துகொள்கிறது. மினுங்கும் பக்கவாட்டுதான் கண்ணைக் குத்துகிறதே தவிர உயரம் அல்ல. முழு லேஅவுட்டிலும் மிகக் குறைந்த உழைப்புக்கு மிக அதிக மாற்றம் தந்தது இந்தப் பெயின்ட் வேலைதான்.

ஜல்லி விஷயத்தில் கடையில் ‘என்’ ஸ்கேலுக்கென்று விற்பதே பல சமயம் பாறாங்கல்லாகத் தெரியும். நிஜ ஜல்லி 5 செ.மீ. என்றால் நமக்கு 0.3 மி.மீ. வேண்டும், அதாவது சன்ன மணல். மணலைச் சலித்தபின் காகிதம் சுற்றிய காந்தத்தை அதில் அளைந்து பாருங்கள். காகிதத்தில் கறுப்புத் துகள்கள் மயிர்மயிராக ஒட்டிக்கொண்டு வரும். இரும்புத்தாதுத் துகளான அவற்றை விட்டுவைத்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். எதுவும் ஒட்டாத வரை அளைய வேண்டும். பிறகு மணலைத் தூவி, மென்தூரிகையால் சீர்செய்து, ஆல்கஹாலைப் பனிபோலத் தெளித்து நனைத்து, சரிபாதி தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பசை தானே உறிஞ்சப்பட்டு இறங்கும். பாயிண்ட்டின் நாக்குப் பக்கம் மட்டும் பசை வேண்டாம். அங்கே மணல் நிறத்தில் பெயின்ட் போதும்.

1:160-இல் ஒரு ஆள் பத்தரை மி.மீ. உயரம். சட்டைப் பொத்தான் வரையும் வேலை இங்கே வீண். முகத்துக்கு ஒரு நிறம், சட்டைக்கு ஒன்று, கீழே அடர்ந்த ஒன்று, மேலே மேட் வார்னிஷ், அவ்வளவே. பளபளப்பு ஒழிந்தால் பாதி நிஜம் வந்துவிடும். எல்லா நிறங்களிலும் துளி வெள்ளையோ சாம்பலோ கலக்கிறேன், தூரத்துப் பொருள் நிஜத்தில் வெளிறித்தான் தெரியும். ஸ்டாடிக் புல் (மின்னூட்டத்தால் நிமிர்ந்து ஒட்டும் செயற்கை நார்) 2 மி.மீ. நீளமென்றால் 32 செ.மீ. புதர். ரயில் ஓரத்துக்கு 1 மி.மீ. போட்டு, வேலியோரத்தில் மட்டும் 2 மி.மீ. வையுங்கள். வெயில்தான் புல்லின் எதிரி. ஜன்னல் பக்கத்துப் பச்சை மஞ்சளாகி, பிறகு வைக்கோலாகிவிட்டது. நிஜ மண்ணைச் சலித்துத் தூவிய பாதைகள் மட்டும் போட்ட நாள் நிறத்திலேயே இருக்கின்றன. மரங்களில் காய்ந்த செடிக் கிளையால் செய்தவை பார்க்க மிக அழகு, ஆனால் துடைக்கப் போகும் கையில் பட்டுப் பட்டு நொறுங்கும். முறுக்குக்கம்பியில் செய்தவை வளைந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம். இப்போது முன்வரிசை மரங்கள் எல்லாம் அடியில் ஊசி வைத்தவை, பிடுங்கி வைத்துவிட்டுத் துடைக்கலாம். தூசி எடுக்க மென்தூரிகை, கூடவே வாக்குவம் குழாயின் வாயில் ஒரு நைலான் காலுறை. பறந்து வரும் ஆளோ விளக்குக் கம்பமோ காலுறையில் சிக்கிக்கொள்ளும்.

குன்று தனியாகக் கழற்றும்படி இருப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு. சுரங்கத்துக்குள் தண்டவாளத்தின் இருபுறமும் தாழ்ந்த சுவர் உண்டு. தடம் புரண்ட பெட்டி சாய்ந்து நிற்கும், விழாது. குன்றைத் தூக்கி, பெட்டியை எடுத்து, மூடிவிடலாம்.

வீட்டு விளக்குகளுக்கு 12 வோல்ட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு வெள்ளை எல்இடி. 9 மில்லிஆம்பியர் ஓடும், அதுவே இந்த அளவு அறைக்குக் கண்கூசும். சுவரின் உட்பக்கம் கறுப்பு அடிக்காவிட்டால் வீடே மின்மினிபோல ஒளிரும்.

ஓட்டும் வேகமும் ஒரு அலங்காரம்தான் என்பது என் கட்சி. மணிக்கு 80 கி.மீ. என்பது இங்கே விநாடிக்கு 14 செ.மீ. பலகையின் முன்பக்கத்தைக் கடக்க எட்டு ஒன்பது விநாடி ஆக வேண்டும். வழக்கமான டிசி கன்ட்ரோலரில் கிளம்பும்போதே இந்த நிதானத்தைக் கொண்டுவருவது கடினம். டிசிசி டீகோடர் (எஞ்சினுக்குள் வைக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சில்லு) போட்டு 128 வேகப்படிகளில் ஓட்டத் தொடங்கியபின் எஞ்சின் ஊர்ந்து கிளம்புகிறது, நிற்கும்போதும் குலுங்குவதில்லை. பழைய எஞ்சின்களில் டீகோடர் நுழைக்க உலோகச் சட்டத்தையே அராவ வேண்டிவரும். இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டேன், மீதி அலமாரியில் காட்சிக்கு.

இப்போது பக்கவாட்டில் இணையும் இரண்டாவது பலகை ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். சரக்குப் பெட்டிகள் கோப்பதற்கான யார்டு, வளைவுகள் 348 மி.மீ. இரு பலகையும் சேரும் விளிம்பில் தண்டவாளத்தின் நுனிகளைச் செம்புப்படலம் ஒட்டிய சர்க்யூட் பலகைத் துண்டுகளில் சால்டர் செய்து, திருகாணியால் சட்டத்தோடு பிணைத்தாயிற்று. மின்கம்பிகளுக்கு நடுவில் ஒரு பிளக். அடிப்பக்க வேலை முழுவதும் முடிந்து, எல்லாச் சைடிங்கிலும் அந்த நாலு சக்கர ஷன்டர் நிற்காமல் ஊர்ந்து வரும்வரை மணலும் புல்லும் டப்பாவிலேயே இருக்கும்.