அமிலமேறிய இதயச் செல்லில் கால்சியம் அளக்க: ஃபியூரா-2-ஆ, ஃப்ளூவோ-4-ஆ?

ஃபியூரா-2, ஃப்ளூவோ-4 இரண்டும் கால்சியத்தோடு சேரும்போது ஒளிர்வு மாறும் சாயங்கள். அமோனியம் குளோரைடு கொடுத்துக் கழுவினால் செல்லுக்குள் அமிலம் ஏறும். அந்த அமிலத்தை வெளியேற்றும் பரிமாற்றி (செல் சவ்விலுள்ள புரதம்) பதிலுக்குச் சோடியத்தை உள்ளே இழுக்கும். பின்னாலேயே கால்சியமும் கூடும்.

ஒளி: ஃபியூரா-2-க்கு 340, 380 நானோமீட்டர் மாறி மாறி வேண்டும். ஃப்ளூவோ-4-க்கு 488 லேசர் ஒன்றே போதும்.

அசைவு: ஃபியூரா-2 இரண்டு அலைநீளங்களில் கிடைக்கும் ஒளிர்வின் விகிதத்தைத் தருவதால் செல் சுருங்கினாலும் தாங்கும். ஃப்ளூவோ-4-இல் அசைவே கால்சியம் போலத் தெரியும்.

அமிலம்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அமிலத்தில் இரண்டு சாயங்களுக்குமே கால்சியத்தைப் பிடிக்கும் திறன் குறையும். பி.எச். 7.2-இல் எடுத்த அளவுத்திருத்தத்தை (ஒளிர்வைக் கால்சிய அளவாக மாற்றும் கணக்கை) 6.5-க்குப் போட்டால் கால்சியம் குறைத்துக் காட்டும். விகிதம் இதைச் சரிசெய்யாது, அந்த பி.எச்.-இலேயே மறுபடி அளவுதிருத்த வேண்டும்.

ஓய்வுநிலைக் கால்சியம் மெல்ல ஏறுவதைப் பார்க்க ஃபியூரா-2. கன்ஃபோகல் நுண்ணோக்கியில் கால்சியப் பொறிகளை (செல்லுக்குள் நொடிநேரம் தோன்றும் சிறு கால்சிய வெளியீடுகளை) பிடிக்க ஃப்ளூவோ-4. சுருக்கத்தை வைத்து மட்டும் கால்சியத்தை ஊகிக்காதீர்கள்: கால்சியத்தை உணர்ந்து சுருக்கத்தைத் தூண்டும் புரதமான ட்ரோபோனின் அமிலத்தில் மந்தமாகிவிடும்.