விளக்கெண்ணெய் மையா, நெய் மையா? டெல்டா வெயிலுக்கு எது தாங்கும்?

வீட்டில் கண் மை கூட்டுவது எப்படி என்று கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் ஆளுக்கொரு கைப்பக்குவம் சொல்வார்கள். ஒரு வீட்டில் விளக்கெண்ணெய், அடுத்த வீட்டில் பசு நெய். இப்போது பாதாம் பருப்பைக் கருக்குவதும் சேர்ந்துகொண்டது. நான் விளக்கெண்ணெய் கட்சி. நம் ஊர் வெயில்தான் காரணம்.

முதலில் கரி. நெய்யோ எண்ணெயோ, இந்த வேலை ஒன்றுதான். வெளுத்த பழைய வேட்டித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தவேண்டும். டெல்டாவில் கரிசலாங்கண்ணிக்குப் பஞ்சமே இல்லை, வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைத்துக் கிடக்கும். வெள்ளைப் பூ பூப்பதைப் பறியுங்கள். பூச்சிமருந்து அடித்த வயல் பக்கம் மட்டும் போகவேண்டாம். மூன்று நான்கு தடவை நனைத்து உலர்த்தினால் துணி கரும்பச்சை ஏறி விறைத்துக்கொள்ளும். அதைத் திரியாகத் திரித்து, எண்ணெயோ நெய்யோ விட்ட அகலில் ஏற்றி, இரு பக்கமும் செங்கல் வைத்து, மேலே செம்புத் தட்டோ பித்தளைத் தாம்பாளமோ வைக்கவேண்டும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கே வீட்டில் இருந்தாலும் இதற்கு மண் அகல்தான் தோது.

சுடரின் நுனி தட்டை லேசாகத் தொடவேண்டும். அங்கே முழுசாக எரிய முடியாமல்தான் புகை கரியாகப் படிகிறது. தட்டு உயர்ந்துவிட்டால் கரி காற்றோடு போகும், ரொம்பத் தாழ்ந்தால் விளக்கு அணையும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் சூடேறாமல் நன்றாகப் படியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். விளக்கை எரியவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஆறியபின் தட்டைத் திருப்பினால் வெல்வெட் மாதிரி கரி. விரலிடுக்கில் தேய்த்தால் துளி நறநறப்பும் இருக்கக்கூடாது. இருந்தால் திரிச்சாம்பல் கலந்திருக்கிறது. மெல்லிய மல் துணியில் சலித்தே ஆகவேண்டும்.

இனி குழைப்பது. இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. நெய் மை போட்ட உடனே வழுவழுப்பாக, பளபளப்பாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நெய் 35 டிகிரியை ஒட்டி உருகிவிடும். சித்திரை மத்தியானம் கும்பகோணத்தில் பஸ் ஏறி இறங்கினால் மை கன்னத்துக்கு வந்துவிடும். மார்கழியில் நேர்மாறு, டப்பாவிலேயே உறைந்து மணல் மணலாகிவிடும். நாள்பட்டால் சிக்கு வாடை வேறு. எறும்பும் விடாது.

விளக்கெண்ணெய் இதில் எதற்கும் இடம் கொடுக்காது. வெயிலில் கொஞ்சம் இளகினாலும் நெய் மாதிரி உருகி ஓடாது, பனியில் உறையாது, பிசுபிசுப்பாக நிற்கும், கரியை விடாமல் பிடித்துக்கொள்ளும். சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும், தாராளமாக ஊற்றினால் இதுவும் வழியும். குழைத்த மை விரலில் ஒட்டவேண்டும், ஓடக்கூடாது. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: பூஜைக்கென்று விற்கும் வாசனை போட்ட தீப எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுத்தமான விளக்கெண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். குளிர்ச்சிக்கென்று பச்சைக் கற்பூரம் சேர்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை, கண் எரியும்.

கரிசலாங்கண்ணி போடாவிட்டால் கறுக்காதா? கறுக்கும். திரியோடு சாறும் எரிந்துவிடுகிறது, தட்டில் சேர்வது பெரும்பாலும் கரிதான். வழக்கத்துக்காகவும் அந்தப் பச்சை வாசனைக்காகவும் நான் விடுவதில்லை. கிடைக்காதவர்கள் வெறும் துணித்திரியில் தாராளமாகச் செய்யலாம்.

பாதாம் மை எனக்குப் பிடிக்கவில்லை. பருப்பைக் கருக்கி எவ்வளவு அரைத்தாலும் புகைக்கரியின் நயம் வராது. கண்ணுக்குள் உறுத்தும், செலவும் கூட.

கடையில் விற்கும் மைப் பென்சிலைக் குறை சொல்லமாட்டேன். மெழுகு சேர்ந்திருப்பதால் வேர்வையில் சீக்கிரம் கலையாது. மெலட்டூர் பாகவத மேளா மாதிரி ராத்திரி முழுக்க ஆடுகிற மேடைக்கும் நாட்டியாஞ்சலிக்கும் அதுதான் சரி, வீட்டு மை அவ்வளவு நேரம் தாங்காது. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, தினப்படிக்கு வீட்டு மை போதும். ஆனால் பொடியாக விற்கும் சுர்மாவை மட்டும் தொடாதீர்கள். பல சுர்மாக்களில் இருப்பது ஈயக் கனிமம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

குழந்தை விஷயத்தில் மட்டும் நெய், எண்ணெய் இரண்டு கட்சிக்கும் நான் எதிரி. கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம், கண் டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். திருஷ்டிக்குப் பொட்டு வைக்காமல் பாட்டிகள் விடமாட்டார்கள், சரி, அதற்கு ஜவ்வரிசிச் சாந்து இருக்கிறது. இரும்புச் சட்டியில் ஜவ்வரிசியைப் புகையப் புகையக் கறுப்பாக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, மறுபடி சுண்டக் காய்ச்சி, கொட்டாங்குச்சியில் ஊற்றி வெயிலில் காயவிடவேண்டும். வேண்டும்போது ஈர விரலால் குழைத்து வைத்தால் போதும், குளிப்பாட்டும்போது தானே போய்விடும். கன்னத்தைவிட உள்ளங்கால் நல்லது, குழந்தை கையால் தேய்த்துக் கண்ணில் அப்பிக்கொள்ளாது.

பெரியவர்கள் மையைக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஈர விரலை டப்பாவில் விடாதீர்கள், ஆளுக்கொரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். இமையின் உள்விளிம்பில் இழுக்காமல், முடி வேருக்கு வெளியே போடுங்கள். கண் சிவந்திருந்தால் அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மிச்சக் கரி காய்ந்தபடி தனியே இருந்தால் புதிதாகக் குழைக்க ஐந்து நிமிஷம் ஆகாது.